கப்பு வாங்காத கூத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல அரசு நடத்தற பள்ளிக் கலைத் திருவிழால ஜெயிச்ச புள்ளைங்க போட்டோ பாத்தேன், வரிசையா நின்னு கப்பத் தூக்கிக் காட்டுதுங்க, சந்தோஷமா இருந்துச்சு. அத பாத்ததுல இருந்து, கப்பு வாங்காத எங்க ஸ்கூல் புள்ளைங்க போட்ட கூத்து பத்தி எழுதணும் எழுதணும்னு இருந்தேன், இப்பதான் மிஷின நிறுத்திட்டு உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளமாப் போகும். இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா பறை பத்தி எழுதியிருக்கறத மட்டும் வெட்டிடாதீங்க சார்.

நான் செய்யாறு பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுலயே ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். என் பொண்ணு எங்க ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில ஒன்பதாவது, நானும் அந்த ஸ்கூல் மேலாண்மைக் குழுல ஒரு மெம்பர். எங்க ஊர்ன்னா ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவுல ஏரிக்கரை ரோடு. ரெண்டு பக்கத்துப் புள்ளைங்களும் ஒரே பெஞ்சுலதான் உக்காருதுங்க, ஆனா நாலு மணிக்கு பெல் அடிச்சா ரெண்டா பிரிஞ்சு நடக்கும். நான் படிச்சப்பவும் அப்படித்தான். நானும் ஊர்ப் பக்கம்தான், அதனால இதுல என் தப்பும் இருக்கு, கீழ சொல்றேன்.

எங்க ஸ்கூல் புள்ளைங்க போட்ட கூத்து ஆரம்பிச்சது பஸ்னால. எங்க ரூட்ல வர்ற டவுன் பஸ் ஸ்கூல் புள்ளைங்க நிக்கறத பாத்தா நிறுத்தாது, பஸ் பாஸ்னா டிக்கெட் வராதுல்ல, தாண்டிப் போய் ஐம்பதடி தள்ளி நிறுத்துவாங்க, புள்ளைங்க பைய தூக்கிட்டு ஓடுதுங்க, ஏறதுக்குள்ள விசில் ஊதிடுவாங்க. இத பத்தி மனு குடுத்தாச்சு, போன் பண்ணியாச்சு, ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் டிராயிங் பீரியட்ல ஒன்பதாவது பசங்க சும்மா விளையாட்டா, துரியோதனன் கண்டக்டரா இருந்தா எப்டி இருக்கும்னு ஒருத்தன் நடிச்சுக் காட்டியிருக்கான். "யாரடா அங்கே, பாஸ் வைத்திருப்பவன் என் ரதத்தில் கால் வைக்கலாமா" அப்டின்னு. கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. அங்க இருந்து பிடிச்சுக்கிட்டாங்க.

எங்க பக்கம் கூத்து பாக்காத புள்ளை கிடையாது. புரிசை எங்களுக்குப் பக்கம், கண்ணப்ப தம்பிரான் பரம்பரை ஆடுற ஊர். திரௌபதி அம்மன் கோயில்ல அக்னி வசந்த விழா வந்துட்டா பத்துப் பதினைஞ்சு நாள் பாரதம்தான், பாய எடுத்துட்டுப் போய் விடிய விடிய பாத்துட்டு, காலைல துரியோதனன் விழுந்து கிடக்கற மாதிரி மண்ணுல செஞ்ச படுகளத்துல மண்ணு எடுத்துட்டு வருவோம். அதனால பசங்களுக்கு, கதைய சொல்லி சிரிக்க வைக்கற கட்டியங்காரன் எப்டி வருவான், திரைக்குப் பின்னாடி நின்னு ராஜா வேஷம் எப்டி விருத்தம் பாடும், எங்க வேகமா சுத்தி கிறிக்கி அடிக்கும்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. ஊறிக் கிடக்குது.

ஸ்கூல்ல கலைக்குன்னு இருக்கறது ஒரே ஒரு டிராயிங் சார். 2012-ல மாசம் 5,000 ரூபாய்க்கு பகுதி நேரமா எடுத்தாங்களே, அந்த பேட்ச். வாரத்துல மூணு அரை நாள் வருவாரு, இத்தனை வருஷமா பர்மனென்ட் ஆகல, அது தனிக் கதை, அதுக்கு வேற லெட்டர் எழுதணும். அவரு பீரியட கணக்கு டீச்சர் கேப்பாங்க, சயின்ஸ் டீச்சர் கேப்பாங்க, "கொஞ்சம் போர்ஷன் இருக்கு சார்"னு, இவரும் குடுத்துட்டு வராண்டாவுல உக்காந்திருப்பாரு. இந்த தடவ மட்டும் அவரு குடுக்கல. பழைய கிளாஸ் ரூம் ஒண்ணு உடைஞ்ச டெஸ்க்கெல்லாம் போட்டுப் பூட்டிக் கிடந்துச்சு, அதோட சாவிய வாங்கி பசங்க கைல குடுத்தாரு. அவ்ளோதான் அவரு செஞ்சது. கதை என்ன, யாருக்கு என்ன வேஷம், எதுலயும் தலையிடல. எனக்கு இதுதான் பெரிசா தெரியுது, ஏன்னா நான் பாத்த டீச்சர்ங்க எல்லாரும் புள்ளைங்க புரோகிராம்னு சொல்லிட்டு கடைசில அவங்க புரோகிராமாத்தான் போடுவாங்க. நல்லா ஆடற நாலு பேர் முன்னாடி வரிசை, கலரா இருக்கறது நடுவுல, மத்ததெல்லாம் கைதட்ட. ஆண்டு விழான்னா சினிமாப் பாட்டு, வாடகை டிரெஸ். வாடகை டிரெஸ்ஸுக்கு காசு இல்லாத புள்ளைக்கு அன்னிக்கு வயித்து வலி வந்துடும், ஸ்கூலுக்கு வராது. நான் தைக்கிறவ, எனக்குத் தெரியும், எந்தெந்த வீட்ல வயித்து வலின்னு.

பசங்க போட்ட முதல் ரூல் என்னன்னா, கிளாஸ்ல இருக்கற 31 பேருக்கும் வேலை இருக்கணும். ஒரு சார்ட்ல எழுதி ஒட்டிட்டாங்க, வேஷம், பின்பாட்டு, தாளம், திரை, அரிதாரம், துணி, எழுத்து, டீ. டீயும் ஒரு வேலை, அதுக்கு ரெண்டு பேர். கட்டியங்காரன் என் பொண்ணு. கூத்துல பொம்பளை வேஷத்தையே ஆம்பளைங்கதானே கட்டுவாங்க, இங்க பொட்டப்புள்ள கட்டியங்காரனான்னு வீட்ல கேட்டாங்க, அவ "வாய் யாருக்கு ஜாஸ்தியோ அவங்கதான் கட்டியங்காரன்"னு சொல்லிட்டா. அதுல ஞாயம் இருக்கு.

திரை பிடிக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும். அதுக்கு பசங்க யார போட்டாங்க தெரியுமா, போன வருஷம் சாதிக்கு ஒரு கலர்னு கைல கட்டுற கயித்து விஷயத்துல அடிச்சுக்கிட்டு ஒருத்தனுக்கு மூக்குல ரத்தம் வந்து பஞ்சாயத்து வரைக்கும் போச்சு, அந்த ரெண்டு பேர. ஏன்டா இப்டி பண்றீங்கன்னு நான் பயந்து போய் கேட்டேன். "அத்தை, அவங்க ரெண்டு பேர்தான் ஒரே ஹைட்டு"ன்னு சொல்லிட்டாங்க. என்னோட பழைய புடவை ரெண்ட சேத்துத் தைச்சு திரை பண்ணிக் குடுத்தேன். திரைங்கறது பாக்கத்தான் சுலபம் சார், உள்ள வேஷக்காரன் பாடப் பாட ஒரு ஓரம் இறங்காம பிடிக்கணும், கை கடுக்கும், இறக்கறப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறக்கணும், ஒருத்தன் முந்திட்டான்னா துரியோதனன் மூக்க சொறிஞ்சுட்டு நிக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சுடும். முத வாரம் ரெண்டும் மூஞ்சிய திருப்பிக்கிட்டு பிடிச்சுதுங்க. மூணாவது வாரம் "ஒண்ணு, ரெண்டு, விடுறா"ன்னு ஒருத்தன் சொல்ல ஆரம்பிச்சான். இப்ப அதையும் சொல்றதில்ல, கண்ணாலயே விடுறாங்க.

ஒத்திகை ஸ்கூல்ல நாலே காலுக்கு மேல நடந்துச்சு, அப்புறம் அரைப் பரீட்சை வருது நிறுத்துங்கன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, ரிசல்ட் குறைஞ்சா அவரத்தான் மீட்டிங்ல எழுப்பி நிக்க வச்சுக் கேப்பாங்க. சாவி போச்சு. பசங்க சனிக்கிழமை எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்துட்டாங்க. 31 பேரும். எங்க தெருவுல காலனிப் பசங்க பால் ஊத்த வருவாங்க, வேலைக்கு வருவாங்க, வாசல்ல நிப்பாங்க. திண்ணைல ஏறி உக்காந்தது அன்னிக்குத்தான். எதிர் வீட்டுல இருந்து எட்டிப் பாத்தாங்க. நான் டீ போட்டேன், டம்ளர் எடுக்கறப்ப என் கை ஒரு நிமிஷம் நின்னுச்சு, எந்த டம்ளர்னு. இத எழுதவே வெக்கமா இருக்கு. டீ கமிட்டி பையன் உள்ள வந்து "அத்தை நான் எடுத்துக்கவா"ன்னு ஸ்டாண்டுல இருந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான். நல்ல வேளை.

இப்ப பறை. கூத்துன்னா மிருதங்கம், ஊதறதுக்கு முகவீணை, ஆர்மோனியப் பெட்டி வேணும். மிருதங்கத்துக்கு எங்க போறது, வாடகைக்குக் கேட்டா எங்களால முடியல. காலனில ஒரு பெரியவர் இருக்காரு, அந்தக் காலத்துல இந்தச் சுத்து வட்டாரத்துல பறைல அவர அடிச்சுக்க ஆள் கிடையாது. அவரு பேரன் இந்த கிளாஸ்லதான் படிக்கறான். பசங்க போய்க் கேட்டிருக்காங்க. அவரு முடியாதுன்னுட்டாரு. கோவமா இல்ல, பொறுமையாத்தான் சொன்னாராம், "என் பேரன் இத தொடக் கூடாதுன்னுதான்டா நான் பரண்ல ஏத்தி வச்சேன். உங்க ஊர்ல சாவு விழுந்தா வாடான்னு கூப்பிடுவீங்க, கூழ ஊத்துவீங்க, அதுக்கா இவன் படிக்கறான்"னு. புள்ளைங்களுக்கு பதில் சொல்லத் தெரியல, திரும்பி வந்துடுச்சுங்க.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போனாங்க, இந்த தடவ எல்லாரும் அடிக்கறோம், உங்க பேரன் மட்டும் இல்லன்னு சொல்லியிருக்காங்க. அவரு ஒரு கண்டிஷன் போட்டாரு. ஊர்த் தெருப் பையன் முதல்ல தோள்ல மாட்டணும், அவன் அடிச்ச பிறகுதான் என் பேரன் தொடுவான், அதுவும் ஊர் நடுவுல, எல்லாரும் பாக்க.

அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல நடந்தத எழுதினா தனிப் புஸ்தகம். என் மாமியார் அழுதுட்டாங்க, நம்ம வீட்டுப் புள்ளைங்க பறைய மாட்டறதான்னு. என் வீட்டுக்காரர் வெளிய போயிட்டாரு. நான் வாயத் தொறக்கல, உண்மைய சொல்லணும்னா நானும் உள்ளுக்குள்ள அதத்தான் நினைச்சேன். என் பொண்ணுதான் "ஆயா, அந்தத் தாத்தா ரெண்டு நாள் யோசிச்சாரு, நீ ஒரு நாளாவது யோசி"ன்னு சொல்லிட்டு படுத்துட்டா. நான் கவனிச்சது என்னன்னா அவ தாத்தான்னு சொன்னா. எங்க பக்கம் அந்தப் பெரியவர பத்து வயசுப் பையன் கூட பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், வா போன்னு. நானும் அப்டித்தான் கூப்பிட்டு வளந்தேன்.

ஊர்ப் பையன் மாட்டினான். வேற யாரும் இல்ல, கயிறு சண்டைல மூக்குல குத்தினவனோட தம்பி. பறை சுலபம்னு நினைச்சுட்டான், இடது கைல சுண்டுக்குச்சி, வலது கைல அடிக்குச்சி, ரெண்டும் வேற வேற கணக்குல போகணும், வரல. பெரியவர் சிரிச்சாரு. அப்புறம் அவரே எந்திரிச்சு வைக்கோலப் போட்டுக் கொளுத்தி தோல காய்ச்சி, தட்டிப் பாத்து, காய்ச்சி, தட்டிப் பாத்து, ஒரு அடி போட்டாரு பாருங்க, ஏரிக்கரைல இருந்த கொக்கெல்லாம் எந்திரிச்சுது. அவரு பேரன் அதுவரைக்கும் தாத்தா அடிச்சுப் பாத்ததே இல்லையாம்.

ஆண்டு விழால முக்கா மணி நேரம் ஆடினாங்க. தலைல கிரீடம் அட்டைல செஞ்சது, மொத்தச் செலவு 1,340 ரூபாய், அதுல 400 ரூபாய் அரிதாரமும் தேங்காய் எண்ணெயும். குறை சொல்லணும்னா நிறைய இருக்கு. துரியோதனனுக்கு பாதில மீசை ஒட்டு விட்டுப் போச்சு, பாட்டு ரெண்டு இடத்துல தாளம் தப்பிப் போச்சு, எங்க ஊர் பழைய கூத்து வாத்தியார் ஒருத்தர் "பறைய வச்சு கூத்தா, இன்னா கூத்து இது"ன்னு முணுமுணுத்தாரு, ஆனா எந்திரிச்சுப் போகல. கண்டக்டர் துரியோதனன் விசில் ஊதி சபைய விட்டுப் போறப்ப கட்டியங்காரன் பின்னாடியே பைய தூக்கிட்டு மேடைய மூணு சுத்து ஓடினா, கூட்டம் சிரிச்ச சிரிப்புல எனக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு. பஸ் இப்பவும் எல்லா நாளும் நிக்கறதில்ல. பாதி நாள் நிக்குது.

இத பாத்துட்டு ஹெட்மாஸ்டர் கலைத் திருவிழாவுக்கு அனுப்பலாம்னு சொன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா குழுப் போட்டின்னா இத்தனை பேருக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு, நல்லா பண்ற கொஞ்ச பேர மட்டும் செலக்ட் பண்ணுங்கன்னாரு. பசங்க ஒரு நாள் பூரா பேசினாங்க, கத்தினாங்க, ரெண்டு பேர் போகணும்னு அழுதாங்க கூட. கடைசில வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. டீ கமிட்டிய விட்டுட்டு எப்டி போறதுன்னு கேட்டான் ஒருத்தன்.

இங்கதான் நான் சொல்ல வந்தது இருக்கு. கலைத் திருவிழா வேணாம்னு நான் சொல்லல. 2022-ல அரசு இத ஆரம்பிச்சதுனாலதான் அரசுப் பள்ளிப் புள்ளைக்கும் மேடை, மைக்கு, கலையரசன் கலையரசின்னு பட்டம் எல்லாம் கிடைச்சுது, இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா அது மேல போகப் போக சுருங்குது. ஸ்கூல்ல இருந்து வட்டாரம், வட்டாரத்துல இருந்து மாவட்டம், மாவட்டத்துல இருந்து மாநிலம், ஒவ்வொரு படிலயும் ஆள கழிச்சுக் கழிச்சு கடைசில ஒரு புள்ள மேடைல நிக்கும். கேரளால இது மாதிரி பள்ளிக் கலைவிழாவ 1957-ல இருந்து நடத்தறாங்க, எர்ணாகுளத்துல ஆரம்பிச்சது, இன்னிக்கு ஜெயிக்கற மாவட்டத்துக்கு 117.5 பவுன்ல தங்கக் கப்பே இருக்கு. அங்கயும் கலாபிரதிபா, கலாதிலகம்னு ஒரு பையனுக்கும் ஒரு பொண்ணுக்கும் 1986-ல இருந்து பட்டம் குடுத்தாங்க, அப்பா அம்மா போட்டி, மார்க் தகராறு, அப்பீல், கோர்ட்டுன்னு போய் 2006-ல அந்தப் பட்டத்தையே எடுத்துட்டாங்க. இப்ப கிரேடுதான். இருபது வருஷம் பட்டு அவங்க தெரிஞ்சுக்கிட்டத நாம கொஞ்சம் சீக்கிரம் தெரிஞ்சுக்கலாமேன்னுதான் கேக்கறேன்.

நாங்குநேரில 2023-ல சாதி வெறில ஒரு தலித் பையனையும் அவன் தங்கச்சியையும் வீட்டுக்குள்ள பூந்து வெட்டினாங்களே, கூடப் படிச்ச பசங்களே, அதுக்கு அப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமைல குழு போட்டு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாங்க. கைல கலர் கயிறு கட்டக் கூடாது, அகர வரிசைப்படி உக்கார வைக்கணும்னு அதுல இருக்கு. சரிதான், வேணும். ஆனா கயித்த ஸ்கூல் கேட்டுல அவிழ்த்து பாக்கெட்ல போட்டுட்டு சாயங்காலம் திரும்பக் கட்டிக்கற பசங்கள நான் பாத்திருக்கேன். எங்க திரைக்காரங்க ரெண்டு பேர் கயித்த யாரும் அவிழ்க்கச் சொல்லல. ஒருத்தன் கட்டறதில்ல இப்ப. இன்னொருத்தன் கட்டியிருக்கான். அதுவும் இருக்கு, மறைக்க விரும்பல.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து குருகுலம்னு ஒண்ணு 2002-ல இருந்து 2020 வரைக்கும் நடந்துச்சு, கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் நடத்தினது. ராஜகோபால் பத்து வயசுல பள்ளிக்கூடத்த விட்டுட்டு கூத்துக்குப் போனவரு, தன்ன மாதிரி வேற புள்ள படிப்பா கூத்தான்னு ஒண்ண விட வேண்டியது வரக் கூடாதுன்னு ரெண்டையும் ஒரே இடத்துல வச்சாரு, பொம்பளைப் புள்ளைங்களும் அங்க வேஷம் கட்டினாங்க. அது மாதிரி பெருசா எங்களுக்கு வேணாம். எங்களுக்கு வேண்டியது வாரத்துல ஒரு பீரியட், யாரும் கடன் கேக்காத ஒரு பீரியட். ஒரு ரூம், அதோட சாவி புள்ளைங்க கைல. 2024-ல மகிழ் முற்றம்னு குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலைன்னு புள்ளைங்கள அஞ்சா பிரிச்சாங்களே, பேர் அழகாத்தான் இருக்கு, அதுக்கு பாயின்ட் போடற வேலைய கொஞ்சம் விட்டுட்டு இந்த மாதிரி ஒரு வேலை குடுத்தா என்ன. டிராயிங் சார் மாதிரி ஆளுங்கள முழு நேரமாக்குங்க. டெமோ கிளாஸ் எடுக்க சென்னைல இருந்து யாரும் வர வேணாம், எங்க ஊர்லயே பரண் மேல நிறைய இருக்கு.

மேலாண்மைக் குழு மீட்டிங்ல இத தீர்மானமா எழுதிக் குடுத்திருக்கேன். மூணு பேர் கையெழுத்துப் போட்டாங்க, ரெண்டு பேர் யோசிச்சு சொல்றேன்னாங்க, ஒருத்தர் "பத்தாவது போற புள்ளைங்களுக்கு கூத்து எதுக்குமா"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. அடுத்த மீட்டிங்லயும் கேப்பேன்.

இப்ப எட்டாவது பசங்க ஆரம்பிச்சிருக்காங்க, அவங்களுக்கு ஒன்பதாவதுதான் வாத்தியாரு. கதை என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குதுங்க. அட்டைக் கிரீடம் வேணாமாம், நிஜக் கூத்துல கட்டற மர நகை (அதத்தான் கட்டைன்னு சொல்றது) மாதிரி மரத்துல வேணுமாம், அதுல பதிக்க சின்னச் சின்ன கண்ணாடித் துண்டு வேணும்னு வீடு வீடா கேட்டுட்டு இருக்காங்க. இத படிக்கறவங்க யாராவது செய்யாறு பக்கம் இருந்தீங்கன்னா, பீரோ கண்ணாடி கிண்ணாடி உடைஞ்சது இருந்தா தூக்கிப் போடாதீங்க, பேப்பர்ல சுத்தி வைங்க, புள்ளைங்க கை கிழிஞ்சுடப் போகுது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.